முகாம் மக்களுக்கு என்ன உதவி தேவை? குள்ளஞ்சாவடி, காட்டுமன்னார்கோயில், கீழ்புத்துப்பட்டு பக்கம் பழகியவர்கள் எழுதுங்கள்

கெடிலக்கரை:

ஐப்பசி மழை தொடங்கினால் போதும், கடலூரிலும் புதுச்சேரியிலும் "இலங்கைத் தமிழர் முகாமுக்கு ஏதாவது செய்யலாமா" என்று நல்ல மனசோடு கேட்கிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் அரிசி, பழைய துணி, பிஸ்கட் பாக்கெட் என்றுதான் யோசிக்கிறார்கள். அதனால்தான் இந்தத் திரி. விவரம் தெரிந்தவர்கள் விவரமாகவே எழுதுங்கள்.

கடலூர் மாவட்டத்தில் குள்ளஞ்சாவடி அருகே அம்பலவாணன்பேட்டை, காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம் ஆகிய இடங்களில் முகாம்கள் உண்டு. புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டினால் கீழ்புத்துப்பட்டு. அது விழுப்புரம் மாவட்டம்தான். ஆனால் அங்குள்ளவர்களுக்கு வேலை, ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் புதுச்சேரி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், 1990ல் வந்தவர்கள், 2006க்குப் பிறகு கடைசிப் போரின்போது வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள், இங்கே பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்கள் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசை வீடுகளில் இருக்கிறது. 2021லிருந்து அரசு இவற்றை "மறுவாழ்வு முகாம்" என்று சொல்கிறது. அங்குள்ள பிள்ளைகளைக் கூப்பிடும்போது நாமும் "அகதிப் பசங்க" என்பதை விட்டுவிடலாம்.

அரசு என்ன தருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ரேஷன் அரிசி இலவசம். 2021ல் பணக்கொடையை உயர்த்தினார்கள்: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் 3,500. எனவே அரிசி மூட்டையோடு போய் இறங்குவது அவசரத் தேவை அல்ல. வெள்ளத்தின்போது மட்டும் கணக்கு வேறு. மற்ற நாட்களில் அவர்களுக்குக் குறைவது காகிதமும், அந்தக் காகிதத்தோடு அலுவலகத்துக்குக் கூட வரும் ஆளும்தான். இதை அடித்துச் சொல்வேன்.

முத்தியால்பேட்டை மேஸ்திரி:

கெடிலக்கரை அண்ணன் சொன்னது சரி. நான் வேலை பக்கத்திலிருந்து சொல்கிறேன். முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்ட் அடிக்கிற வேலைதான். புதுச்சேரியில் புது வீடு கட்டுகிற யாரும் இவர்கள் கையால் பட்டி பார்த்த சுவரில்தான் சாய்ந்திருப்பார்கள். இவர்களை வேலைக்குக் கூப்பிடுகிற ஒப்பந்தக்காரர், வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

முகாமில் தணிக்கை நாள் என்று ஒன்று உண்டு. வருவாய்த் துறையும் கியூ பிராஞ்ச் (மாநில உளவுப் பிரிவு) போலீசும் வந்து பெயர் வாசித்து ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு ஆள் இல்லை என்றால் அந்த மாதப் பணக்கொடை நின்றுவிடலாம். தொடர்ந்து இல்லை என்றால் பதிவிலிருந்து பெயரையே நீக்கிவிடுவார்கள். நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்ப்பது மாதக்கணக்கில் அலைச்சல். அதனால் அவர் "நாளைக்குத் தணிக்கை, வர முடியாது" என்றால் அது சாக்கு அல்ல. பெங்களூர், ஓசூர் என்று தங்கி வேலை செய்ய அனுப்புவதாக இருந்தால் முகாம் பொறுப்பில் உள்ள வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடம், எத்தனை நாள், உங்கள் பெயர், போன் நம்பர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் நீங்கள் கொடுத்தால் அவருக்குப் பெரிய பலம். இதற்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும், யாரும் செய்வதில்லை.

கூலியைப் பாக்கி வைக்காதீர்கள். ஊர்க்காரத் தொழிலாளி சங்கத்துக்கோ ஸ்டேஷனுக்கோ போவார். முகாம்காரர் போலீஸ் என்றாலே ஒதுங்குவார். அது தெரிந்தே பணத்தைப் பிடித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பார்க்கவே கூசுகிற விஷயம் இது.

இன்னொன்று, கைரேகை. சுண்ணாம்பு, தின்னர், உப்புத்தாள் என்று தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை மழுங்கிவிடும். ரேஷன் கடையிலோ வங்கியிலோ மெஷின் "பொருந்தவில்லை" என்று காட்டும். உடனே ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். கருவிழி ஸ்கேன் அல்லது ஓடிபி வழி கேட்கச் சொல்லுங்கள். ஆதாரில் போன் நம்பர் இணைந்திருந்தால்தான் ஓடிபி வரும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஆதாரில் இப்போதைய நம்பரைச் சேர்ப்பது. விரல் தேறியிருக்கிற ஓய்வு நாள்களில் போய் ரேகையையும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

வடலூர் டீச்சர்:

பிள்ளைகள் விஷயம். அரசுப் பள்ளியில் சேர்ப்பதில் தடை இல்லை. சிக்கல் பத்தாம் வகுப்புக்கு மேல் விண்ணப்பப் படிவங்களில் வரும்.

"நாட்டினம்" என்ற கட்டத்தில் பிள்ளை "இந்தியர்" என்று எழுதிவிடுகிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்ன எழுதத் தோன்றும்? ஆனால் மாற்றுச் சான்றிதழில் ஒன்றும் முகாம் அட்டையில் ஒன்றுமாக இருந்தால் கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, பிறகு பாஸ்போர்ட் வரை அது பொய்த் தகவல் என்று வந்து நிற்கும். பள்ளியிலேயே எமிஸ் (மாணவர் விவரங்களின் கணினிப் பதிவேடு) பதிவு, மாற்றுச் சான்றிதழ், பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் மூன்றையும் முகாம் அட்டையோடு வைத்துப் பார்த்துவிட வேண்டும். பொதுத்தேர்வுப் பட்டியல் இறுதியாகும் முன்பு திருத்துவது சுலபம். மதிப்பெண் பட்டியல் அச்சாகிவிட்டால் தேர்வுத் துறை வரை போக வேண்டும்.

பெயரும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துப் பத்திரங்களில் அப்பா பெயர் முன்னால் முழுதாக வரும், பிள்ளை பெயர் பின்னால். நம்மூரில் ஓர் எழுத்து இனிஷியல். அங்கே தங்கராசா, இங்கே எழுதினவர் கைப்போக்கில் தங்கராஜ், ஆதாரில் தங்கராஜா. ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னும் மோசம். கல்லூரி ஆண்டு தொடங்கி உதவித்தொகைக்கு அலையும் நேரத்தில்தான் இது தெரியவரும். பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். எது பெரும்பான்மையோ அதற்கு மற்றதைக் கொண்டுவருவது சரியல்ல. பிறப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் கொண்டுவர வேண்டும்.

முகாமில் மாலை வகுப்பு எடுக்க வரும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதம் வந்து படம் எடுத்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் வர வேண்டாம். ஒரு கல்வியாண்டு முழுவதும் வாரம் இரண்டு நாள் என்று வரக்கூடியவர் ஒருவர் போதும், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:

நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தவறான ஆலோசனையால் குடும்பங்கள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதி என்று தனி அந்தஸ்து நம் சட்டத்தில் கிடையாது. சட்டத்தின் கண்ணில் இவர்கள் வெளிநாட்டவர். 2025 செப்டம்பர் 1லிருந்து பழைய வெளிநாட்டவர் சட்டம் போய் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் வந்த விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து அரசிடம் பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. நல்ல விஷயம். ஆனால் அது குடியுரிமை அல்ல. அதை வைத்துக் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யாரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எங்கே, எந்தத் தேதியில் பிறந்தீர்கள்? குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3ன்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022ல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1984, 85, 86ல் பிறந்தவர்கள் நம் பக்க முகாம்களிலும் இருக்கக்கூடும். அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய இந்தியப் பிறப்புச் சான்றுதான் அந்த வீட்டின் மிகப் பெரிய சொத்து. 1987 ஜூலை 1க்கும் 2004 டிசம்பர் 3க்கும் இடையில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி என்று கணக்கில் வைக்கப்படும் முகாம் குடும்பங்கள் முட்டிக்கொண்டு நிற்பது இந்த வரியில். ஆகவே 1986ல் பிறந்த தாய்க்கு 2003ல் ஒரு மகனும் 2006ல் ஒரு மகளும் இருந்தால், ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டநிலை வேறு வேறாக வரலாம். தேதி தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மலையகத்திலிருந்து வந்தவர்கள், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள், கதை வேறு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. அந்தக் காலத்தில் தாத்தாவோ அப்பாவோ கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தால் அந்தக் காகிதம், பழைய இந்தியப் பாஸ்போர்ட், அதன் எண் எழுதிய ஏதாவது துண்டு எதுவானாலும் தேடி எடுங்கள். பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே, சாமி படத்துக்குப் பின்னால் என்று இருக்கும். "கிழிஞ்சது, எதுக்கு" என்று பிள்ளைகள் எறிந்துவிடும் முன் நகல் எடுத்துவிட வேண்டும்.

மற்றவர்களுக்கு இப்போதைக்குக் கையில் இருக்கும் வழி, இலங்கை ஆவணத்தையாவது முழுமையாக்கி வைப்பது. இல்லையென்றால் பிள்ளை எந்த நாட்டுக்கும் இல்லாமல் போகும். வரிசை இது. குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு. கட்டணம் இல்லை, இந்தியாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் உரிமை உண்டு, குடியுரிமை கேட்கக் கூடாது. 30 நாள் தாண்டினால் மேல் அதிகாரியின் அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு என்று ஏறிக்கொண்டே போகும். பிறகு முகாம் பதிவில் குழந்தை பெயர் சேர்ப்பு. பிறகு சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்று. பிறந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் சுலபம். அங்கே பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றும் திருமணப் பதிவுச் சான்றும் கேட்பார்கள்.

திருமணப் பதிவில்தான் சங்கிலி அறுகிறது. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. மணப்பெண் வேறு முகாம் என்றால் அங்கே பெயர் நீக்கம், இங்கே சேர்ப்பு. இடைப்பட்ட மாதங்களில் அவருக்குப் பணக்கொடை இரண்டு இடத்திலும் வராது. கல்யாணத் தேதி குறித்த உடனேயே இரண்டு முகாம் அலுவலகத்திலும் மனு கொடுத்துவிட்டால் அந்த இடைவெளி சுருங்கும். கல்யாணத்துக்குச் சீர் செய்ய நினைக்கிற நல்ல உள்ளங்கள், பித்தளைக் குடத்துக்குப் பதில் பதிவு அலுவலகத்துக்கு ஒரு நாள் கூடப் போய் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவரையோ மலையக வழி உரிமை உள்ளவரையோ அவசரப்பட்டு இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வைக்காதீர்கள். இந்தியக் குடியுரிமைக் கோரிக்கையையே அது பாதிக்கும். முதலில் வக்கீல், பிறகு தூதரகம்.

பாகூர் ஏரி:

வக்கீல் சார், ஒரு சந்தேகம். சிஏஏவில் (குடியுரிமைத் திருத்தச் சட்டம்) இவர்களுக்குக் குடியுரிமை வராதா? ஒருத்தர் முகாமில் ஃபாரம் விற்றுக்கொண்டிருக்கிறார். வாக்காளர் அட்டையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:

வராது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. வாக்காளர் அட்டை அதைவிட ஆபத்து. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ல் "இந்தியக் குடிமகன்" என்று உறுதிமொழி தருவது பொய்யானால் ஓராண்டு வரை சிறை. பிற்பாடு உண்மையிலேயே குடியுரிமை கிடைக்கும் காலம் வந்தாலும் இந்த வழக்கு குறுக்கே நிற்கும். ஆதார், வங்கிக் கணக்கு, பான் வைத்திருக்கலாம், அவை குடியுரிமைச் சான்று அல்ல. நிலம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டும். இதற்காகத்தான் ஊர்க்காரர் பெயரில் மனை வாங்கிப் போடுகிறார்கள், பிறகு அவர் பிள்ளைகள் கைவிரிக்கிறார்கள். வேண்டாம்.

ஜிப்மர் பஸ் ஸ்டாப்:

ஆஸ்பத்திரி பக்கம் கொஞ்சம். முகாமில் பதிவு உள்ளவர்கள் வருமான வரம்பு இல்லாமல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். முகாம் அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே சேர்த்துவிடுவது நல்லது. சேர்க்காமல் விட்ட பெயர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களும் பிறந்த குழந்தைகளும்தான்.

ஜிப்மர் புதுச்சேரியில் இருக்கிறது, முகாம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கீழ்புத்துப்பட்டுக்காரர்களுக்கு எல்லை தாண்டினால்தான் பெரிய ஆஸ்பத்திரி. இலவசப் பிரிவுக்கு வருமானம் காட்டும் காகிதம் கேட்பார்கள். முகாம் அட்டையைக் கவுண்டரில் பார்த்தவர் "இது என்ன" என்று கேட்டால் நோயாளி பின்வாங்கி வரிசையை விட்டே போய்விடுவார். அங்கே தேவைப்படுவது "இவர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர், சமூகப்பணி அலுவலரைப் பார்க்க வேண்டும்" என்று நிதானமாகச் சொல்லும் ஒரு குரல். முகாம் பொறுப்பு வட்டாட்சியரிடம் வசிப்பிடக் கடிதம் வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மனசு விஷயத்தில், "அங்கே என்ன நடந்தது, யாரை இழந்தீர்கள்" என்று முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பட்டாசு சத்தத்துக்கு உடம்பு நடுங்குகிறது, பேச்சில் விரக்தி என்று தெரிந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள். தமிழில் பேசலாம், இலவசம், எந்த நேரமும்.

பாகூர் ஏரி:

திரும்பிப் போக நினைப்பவர்கள், வெளிநாட்டுக்குப் படகில் போக நினைப்பவர்கள் இரண்டு தரப்பையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்ப முடிவெடுத்தால் இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைச் சான்று, பயண ஆவணம், இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி, நிலுவையில் வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கை எல்லாம் சேர வேண்டும். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் வெளியுறவுத் துறைச் சான்றொப்பத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். அங்கே போன பிறகு இங்குள்ள அலுவலகங்களில் ஏறி இறங்க முடியாது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிய முதியவர் ஒருவர் 2025ல் பலாலி விமான நிலையத்தில் கைதானார், முன்பு பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனதற்காக. அதன் பிறகு எல்லோருக்கும் பயம். ஆகவே போகிறவர் அங்கே ஒரு வழக்கறிஞரின் போன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறட்டும்.

படகு: ஆஸ்திரேலியா, கனடா என்று சொல்லித் தலைக்கு லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்கள் இன்னும் இருக்கிறார்கள். 2013 ஜூலைக்குப் பிறகு படகில் வருகிற யாரையும் ஆஸ்திரேலியா தன் மண்ணில் குடியமர்த்துவதில்லை. 2019 ஜனவரியில் கேரளாவின் முனம்பத்திலிருந்து புறப்பட்ட படகு எங்கே போனதென்று இன்றுவரை தகவல் இல்லை. நகையை அடகு வைத்த பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்த வீட்டு இளைஞர்களோடு பழகி, பேச்சு ஆரம்பத்தில் இருக்கும்போதே இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

நன்றி எல்லோருக்கும். மழை நேரத்தில் பொருள் கொடுப்பது பற்றி நானே எழுதுகிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயலில் நம் பக்கம் என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம். புது வீடுகள் கட்டும் திட்டம் நடந்தாலும் 10க்கு 10 அடிப் பழைய வீடுகள் இன்னும் இருக்கும் இடங்களில் தார்ப்பாய்தான் முதல் தேவை. 12க்கு 18 அடிக்குக் குறையாமல், ஓரத்தில் கயிறு கோக்கக் கண்ணி (வளையத் துளை) அடித்ததாக வாங்குங்கள். மெல்லிசான நீலப் பாய் ஒரு காற்றுக்குத் தாங்காது. கூடவே நைலான் கயிறு. கயிறு இல்லாமல் பாய் மட்டும் கொடுத்தால் செங்கல்லை ஏற்றி வைப்பார்கள், காற்றில் அது தலையில் விழும். நாப்கின், கொசுவத்தி, பால் பவுடர், டார்ச், பவர் பேங்க் ஆகியவை பட்டியலில் இருக்கட்டும். பழைய துணி வேண்டாம்.

போகும் முன் முகாம் தலைவரிடமும் முகாம் பொறுப்பு அதிகாரியிடமும் பேசிவிட்டுப் போங்கள். அனுமதி இல்லாமல் வெளியார் நுழைந்தால் கேள்வி வருவது உங்களுக்கு அல்ல, அவர்களுக்கு. வீட்டுக்கு வீடு டோக்கன் முந்தின நாளே கொடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வைக்க வேண்டியதில்லை. பொருளைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது கூடவே கூடாது. இலங்கையில் அவர்களுக்கு உறவினர் இருக்கிறார்கள், சிலருக்கு வழக்குகள் இருக்கின்றன. முகம் வெளியே போவது வெறும் கூச்சப் பிரச்சினை அல்ல.

தேவனாம்பட்டினம்:

ஒரு பாட்டிக்கு அவசரம். போன மழையில் முகாம் அட்டை நனைந்து எழுத்தெல்லாம் ஊறிப் போச்சு. பாலித்தீன் பையில் சுற்றித்தான் வைத்திருந்தார், முடிச்சு வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. பேத்தி லேமினேட் பண்ணட்டுமா என்கிறாள். என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் வக்கீல்:

லேமினேட் வேண்டாம். அட்டையில் அதிகாரிகள் தொடர்ந்து பதிவு எழுத வேண்டும், லேமினேட் செய்ததை வாங்க மாட்டார்கள். நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள், இஸ்திரி போடக் கூடாது. உலர்ந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம். பதிவு எண் தெரிந்தால் போதும், மூலப் பதிவேடு முகாம் அலுவலகத்தில் இருக்கும். மனுவில் பதிவு எண், குடும்பத்தினர் பெயர், நனைந்த தேதி எழுதி, அட்டையின் நகல், ஆதார் நகல், இரண்டு புகைப்படம் சேர்த்து முகாம் பொறுப்பு வட்டாட்சியரிடம் கொடுங்கள். ஒரு நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் அசைவு இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் அதே மனுவை, முத்திரை உள்ள நகலோடு கொடுக்கலாம். புது அட்டை வந்தாலும் பழையதை எறிய வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிடுங்கள். வந்திறங்கிய தேதி அதில்தான் இருக்கிறது.